ஐயா என்னும் விளி

உளப்பகுப்பாளராகப் பயிற்சி பெறுகிறவர் முதலில் தாமே பகுப்புக்கு உட்பட வேண்டும் என்பது விதி. அதன்படி, ஆலங்குடியில் எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்து, கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சென்னையிலிருந்த மூத்த பகுப்பாளரிடம் மனத்தில் தோன்றியதையெல்லாம் சொல்லிவந்தேன். நான் பிறரைப் பார்க்கலாமா என்பதை அவருடைய ஒப்புதல்தான் தீர்மானிக்கும். சாகத் துணிந்து பிழைத்து வருகிறவர்களை அதட்டுவதற்கு எங்கள் ஊரில் ஆள் உண்டு. உட்கார்ந்து கேட்க ஆள் இல்லை. அதனால் அந்த ஒப்புதல் எனக்கு வேண்டியிருந்தது.

அவரை நான் "ஐயா" என்று அழைத்தேன். ஒருநாள் அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயான்னா அப்பா. நீங்க என்னை அப்பாவா ஆக்கிக்கிறீங்க, கவனிச்சீங்களா?"

"எங்க வீட்ல அப்பாவை அப்பான்னுதாங்க கூப்பிடுவோம். தோப்புக்காரங்களத்தான் ஐயாம்போம். அவங்க முன்னாடி எங்கப்பா உக்காந்ததே இல்ல."

"உங்களப் பத்திக் கேட்டா உடனே ஊரைப் பத்திப் பேச ஓடிடறீங்க."

மறுத்தால் அதற்கு எதிர்ப்பு என்று அத்துறையில் பெயர்; மறுக்க மறுக்க அவர் சொன்னது உறுதிப்படும். எதிர்த்துப் பேசுவதே குற்றத்துக்குச் சான்று என்னும் இந்த நியாயத்தைத் தோப்பு வாசலில் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறேன்.

வெளியே மண்ணில் நட்டிருந்த பாரையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அப்பா, பேச்சு முடிந்ததும் உள்ளே வந்தார்.

"யாருப்பா அந்த ஐயா?"

"எனக்குப் பயிற்சி குடுக்குறவருப்பா. மெட்ராஸ்ல இருக்காரு."

"நான் சொன்ன ஐயா பத்தாதுன்னு, நீ படிச்சுப்புட்டு போன் போட்டு வேற சொல்றியாக்கும்? ஒனக்காச்சும் பரவால்ல, படுத்துக்கிட்டுச் சொல்ல விடுறாக. நான் நின்னுக்கிட்டுல்ல சொன்னேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாளிலிருந்து அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. "சார்" என்று மாற்றியிருக்கலாம். அதற்கும் அவர் ஒரு பொருள் கண்டுபிடிப்பார். விளியே இல்லாமல் பேசப் பழகினேன். "ஐயா" வரவேண்டிய இடத்தில் மூச்சை ஒரு நொடி நிறுத்திக்கொள்வேன்.

சில மாதங்களுக்குப் பின் அவர் மிகுந்த கனிவோடு சொன்னார்: "இப்பல்லாம் நீங்க ஐயான்னு சொல்றதில்ல. உள்ளுக்குள்ள இருந்த அப்பாவைச் சாக விட்டுட்டீங்க. இது பெரிய முன்னேற்றம்."

வெளியே அப்பா உரித்த மட்டையை வீசும் சத்தம் கைப்பேசி வழியே அவருக்கும் கேட்டிருக்கும். நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஒப்புதல் இன்னும் தள்ளிப்போகும்; அதுவரை இங்கே பிழைத்து வருகிறவர்களுக்கு அதட்டல் மட்டும் மிஞ்சும். அப்படித்தான் கணித்தேன். அவருடைய தவறான கண்டுபிடிப்பின் பேரில், பிறர் மனத்தைக் கேட்கும் தகுதி எனக்கு வந்துசேர்ந்தது.

அப்பாவிடம் சொன்னேன்.

"பாஸாப்பா?"

"பாஸுப்பா."

பாரையில் குத்திய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப, இனிமே வர்றவுகள்லாம் ஒன்னைய ஐயாம்பாகளா?"

இம்முறை அவர் குரலில் கேலி இல்லை. ஆசைதான் இருந்தது.