இடது பக்கம் இழுத்த லாரி

எண்பதுகளின் நடுவில், திண்டுக்கல் நாகல் நகரில் நான் சொந்தமாக லாரி ஒர்க்‌ஷாப் வைத்து இரண்டாவது வருடம். எனக்கு இருபத்தேழு வயது. வண்டி வாசலுக்கு வரும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு திரிந்த காலம்.

ஒருநாள் காலையில், கன்னிவாடிப் பக்கம் காய்கறி லோடு அடிக்கும் லாரி ஒன்று வந்தது. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத மனிதர். பக்கத்தில் வண்டி முதலாளியும் உட்கார்ந்திருந்தார்.

"பிரேக்கைத் தொட்டா எடது பக்கமா இழுக்குது தம்பி. ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சுக் கையெல்லாம் விட்டுப் போகுது" என்றார் டிரைவர்.

நானே வண்டியை எடுத்துக்கொண்டு பழனி ரோட்டில் கொஞ்ச தூரம் போய், நாலைந்து தடவை பிரேக் போட்டுப் பார்த்தேன். இழுத்தது. ஓரமாக நிறுத்தி, முன்சக்கர பிரேக் டிரம் இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். இடது பக்கம் கை வைக்க முடியாத சூடு. வலது பக்கம் சூடே இல்லை. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதிவிட்டேன். இடது பிரேக் விடாமல் கவ்விக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் சூடு, அதனால்தான் இழுப்பு. ஜாக்கி போட்டு அந்தச் சக்கரத்தைக் கையால் ஒரு தடவை சுற்றியிருந்தால் தடையில்லாமல் சுற்றியிருக்கும், நான் நினைத்தது தப்பென்று அப்போதே தெரிந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை. ஷெட்டுக்குத் திரும்பி, வண்டிக்கு அடியில் படுத்து இடது பிரேக்கைத் தளர்த்திவிட்டேன். கால் மணி நேர வேலை.

மறுபடி டிரைவர் ஓட்டியபோது நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். டிரைவர் மட்டும் இறங்காமல் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராத்தான் போகுது தம்பி. ஆனா பிடிப்பு இல்லையே. பெடலு அம்புட்டு தூரம் கீழ போகுது. வலது பக்கத்தைச் செத்த கழட்டிப் பாரேன்."

வலது பக்கத்தைக் கழற்றினால் அரை நாள் போய்விடும். மத்தியானமே வெங்காய லோடு ஏற்றவேண்டும் என்று முதலாளி வாட்சைப் பார்த்தார். எனக்கோ, வண்டி ஓட்டுகிறவர் எனக்குத் தொழில் சொல்லித் தருவதா என்ற ரோஷம். "ஓட்டுறது உங்க வேலை, பாக்குறது என் வேலைண்ணே" என்றேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவனுக்கு எப்பவும் வண்டி மேலதான் குத்தம்" என்று முதலாளி சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்த மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள், லோடோடு கன்னிவாடிக்குப் பக்கத்து இறக்கத்தில் அவர் வரும்போது, கிளைப்பாதையிலிருந்து மாட்டு வண்டி ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. வண்டி நிறைய களையெடுக்கப் போகும் பெண்கள். பிரேக்கை மிதித்திருக்கிறார், லாரி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார். பெண்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது.

லாரியை என் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். யாரும் சொல்லாமலே வலது முன்சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே கிரீஸ் கசிந்து, டிரம்மைப் பிடிக்கும் பிரேக் லைனிங் முழுக்க ஊறி, எண்ணெய் தேய்த்த தலை மாதிரி பளபளத்தது. அந்தப் பக்கம் பிரேக் பிடித்தே பல நாள் ஆகியிருக்கும். இடது பக்கம் தனியாக இரண்டு பேர் வேலையைப் பார்த்துத்தான் அப்படிச் சூடாகியிருக்கிறது. அதைப் போய்த் தளர்த்திவிட்டேன். முன்னால் இரண்டு பக்கமும் பிடிக்காமல் போனதால்தான் லாரி நேராகப் போயிருக்கிறது.

யாரும் வருவதற்குள் லைனிங்கை பெட்ரோல் போட்டுத் துடைத்து, சக்கரத்தைத் திரும்ப மாட்டினேன். விசாரிக்க வந்த அதிகாரி பிரேக் எப்படி இருந்தது என்று கேட்டார். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் விட்டப்ப நேராப் போச்சு சார்" என்றேன். டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் மனைவி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வண்டிக்காரவுக யாரும் எட்டிப் பாக்கல. நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கீக" என்றார். எனக்கு உட்காரக் கூசியது.

டிரைவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வலது பக்கத்தைக் கழட்டிப் பாத்தியா தம்பி?"

"பாத்தேண்ணே. நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் மனைவி பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அப்ப நாந்தான் சரியா மிதிக்கல போல."

அவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. இன்றும் இழுக்கிற வண்டி எது வந்தாலும் சுடாத டிரம்மைத்தான் முதலில் கழற்றுகிறேன். ஆனால் இல்லாத காலின் மேல் பழியைப் போட்டுக்கொண்டே அந்த மனிதர் செத்துப்போக விட்டவன் நான்தான்.