இரண்டாவது விசிறி

ஒயரக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் தெருமுனை போவதற்குள் ஒருமுறையாவது திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, அடுப்பை அணைத்தோமா என்று கேட்பாள்.

"அணைச்சாச்சு. கிளம்பும்போது அடுப்புகிட்டயே கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்பார் கணவர். உறவுக்காரர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரிப்பாள். கை மட்டும் கைப்பைக்குள் சாவியைத் தடவிக்கொண்டே இருக்கும்.

முன்பெல்லாம் அவள் இப்படி இல்லை என்று அவளுடைய அண்ணன் சொல்வார். கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள் அவள். ஆள் உயரப் பலகையில் ஒரு காரின் மொத்த ஒயரிங்கும் கோடு கோடாக வரைந்திருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஒயரை ஓட்டி, முனை குத்தி, டேப் சுற்றி அடுத்த மேசைக்குத் தள்ளிவிட வேண்டும். அங்கே இன்னொருத்தி அதைச் சோதனைப் பெட்டியில் மாட்டுவாள். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை விளக்கு எரியும். ஒன்று தப்பினாலும் சிவப்பு. அதனால் அந்தப் பன்னிரண்டு வருடமும் அவள் படுத்த உடனே தூங்கினாள்.

தொழிற்சாலையை மூடியதும், கணவரின் டயர்க் கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் ஒரு மேசை போட்டுச் சொந்தமாகக் கார் ஒயரிங் வேலையைத் தொடங்கினாள். முதல் ஆறு மாதம் வந்தவர்கள் எல்லாரும், "எலெக்ட்ரீஷியன் எங்கம்மா?" என்று அவளிடமே கேட்டார்கள். பிறகு அவள் போட்ட ஒயர், வாரிப் பின்னிய சடை போல ஒழுங்காக இருக்கும் என்று பேச்சு பரவியது. ஒயரக்கா என்ற பேர் வந்தது. பயமும் அப்போதுதான் வந்தது. இங்கே அவளுக்குப் பிறகு பார்க்க அடுத்த மேசை இல்லை.

பல் டாக்டர் அவளிடம் வந்தது அந்தப் பேரைக் கேட்டுத்தான். ஒல்லியான மனிதர், எதிரில் இருப்பவருக்கு வலித்துவிடுமோ என்பது போலப் பேசுவார். ஆனால் அவர் வைத்திருந்த கார் அப்படிப்பட்டதல்ல. கறுப்பு நிறம், இரண்டே கதவு. பழைய வண்டிதான், ஆனால் டர்போ மாட்டி எஞ்சினின் பலத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கியிருந்தார். பலம் கூடினால் சூடும் கூடும். நெரிசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும், சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ரேடியேட்டருக்கு முன்பிருந்த ஒற்றை விசிறி போதவில்லை. இரண்டு பெரிய விசிறிகளைப் பெட்டியோடு கொண்டு வந்து இறக்கினார்.

ஒயரக்காவின் கணவர் எட்டிப் பார்த்தார். "இத மாட்டினா வண்டி ஓடுமா, பறக்குமா டாக்டர்?"

"அதெல்லாம் அக்கா கையில இருக்கு" என்றார் டாக்டர்.

அவ்வளவு பெரிய விசிறி சுற்ற ஆரம்பிக்கும் அந்த ஒரு நொடியில் மின்சாரத்தை மடக்மடக்கென்று குடிக்கும். பழைய மெல்லிய ஒயரில் கொடுத்தால் ஒயரே அடுப்புக் கம்பியாகிவிடும். அவள் பேட்டரியிலிருந்து சுண்டுவிரல் தடிமனில் புது ஒயர் இழுத்தாள். ஒவ்வொரு விசிறிக்கும், மின்சாரத்தைத் திறந்துவிட ஒரு ரிலே, அளவு மீறினால் தானே அறுந்து காக்க ஒரு ஃப்யூஸ் என்று தனித்தனியாக வைத்தாள். இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பக் கூடாது என்பதற்காக, தண்ணீர் தொண்ணூற்றிரண்டு டிகிரி வந்தால் முதல் விசிறி, தொண்ணூற்றெட்டு வந்தால் இரண்டாவது என்று கன்ட்ரோலரில் அமைத்தாள். எஞ்சினை நிறுத்திய பிறகும் சூடு இறங்கும்வரை அவை சுற்றும். இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது.

மூன்றாம் நாள் காலையில் சோதித்துப் பார்த்தபோது முதல் விசிறி சுற்றியது. இரண்டாவது சுற்றவில்லை. ரிலே 'டக்' என்றது, விசிறி அசையவில்லை. ஃப்யூஸைப் பிடுங்கி எடுத்து, அது இருந்த இடத்தில் தன் சோதனை ஒயர் ஒன்றைச் செருகினாள். நூல் போல மெல்லியது, விரல் நீளம் இருக்கும். விசிறி சீறிக்கொண்டு சுற்றியது. அப்படியானால் ஃப்யூஸ்தான் போயிருக்கிறது. புதிது ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் ஆட்டோவில் வந்து இறங்கினார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், பைகள், ஒரு பை ஆரஞ்சு எல்லாவற்றோடும். மலைமேல் இருக்கும் மனைவியின் அக்கா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர வேண்டுமாம். சின்னவளுக்கு அவசரமாகக் கழிப்பறை வேண்டும். ஒயரக்கா அவளைக் கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வந்தாள். ஃப்யூஸ் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். பேட்டரி முனைகளை இரண்டு முறை ஆட்டிப் பார்த்தாள். பானெட்டை மூன்று முறை தூக்கிப் பார்த்தாள். முன்சீட்டை மடக்கி, பிள்ளைகள் இரண்டும் பின்னால் நுழைந்து உட்கார்ந்தார்கள். பெரியவளுக்கு ஒன்பது வயதிருக்கும். கண்ணாடி வழியாகக் கை காட்டினாள்.

அப்போது மணி ஒன்பது.

பத்து மணிக்கு டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பியபோது அந்தப் புது ஃப்யூஸைப் பார்த்தாள். பிரிக்காத உறைக்குள் அப்படியே இருந்தது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிறகு சுவரைப் பார்த்தாள். சோதனை ஒயர்கள் ஆறையும் அவள் ஆறு ஆணியில் மாட்டுவது வழக்கம். ஐந்துதான் இருந்தன. குனிந்து மேசைக்கு அடியில் தேடினாள், பெட்டிகளைப் புரட்டினாள், கிடைக்காது என்று தெரிந்தே தேடினாள்.

சமவெளிச் சாலையில் ஒன்றும் ஆகாது. காற்று அடிக்கும், முதல் விசிறியே போதும். மலையேற ஆரம்பித்தால்தான் இரண்டாவது கிளம்பும். கிளம்பினால் அத்தனை மின்சாரமும் அந்த நூல் வழியாகப் போக வேண்டும். அதைத் தடுக்க ஃப்யூஸ் இல்லை. அந்தப் பெட்டிக்கு நான்கு விரல் தள்ளி என்ன ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். பெட்ரோல் குழாய். முன்சீட்டை மடக்காமல் பிள்ளைகள் வெளியே வர முடியாது என்பதும் தெரியும்.

டாக்டரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். பிறகு கிளினிக்குக்கு அடித்தாள்.

"டாக்டர் மூணு நாள் லீவுங்க" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "ரொம்ப வலின்னா உப்புத் தண்ணில கொப்பளிங்க."

"பல்லு இல்லம்மா. நான் கார் வேலை பாத்தவ. அவங்க வீட்டம்மா நம்பர் வேணும்."

"அப்படியெல்லாம் குடுக்கக் கூடாதுங்க."

"உனக்குப் புண்ணியமாப் போகும். வண்டில பிள்ளைங்க இருக்குது."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண் வேறு கேள்வி கேட்கவில்லை. நம்பரைச் சொன்னாள். போனை எடுத்தது பெரிய பிள்ளை.

"அம்மா தூங்குறாங்க ஆன்ட்டி."

"அப்பாகிட்டக் குடு கண்ணு."

"அப்பா வண்டி ஓட்டும்போது போன் பேசமாட்டாரு."

"எங்க போய்ட்டிருக்கீங்க?"

"மேல. இப்பதான் ஆறாவது வளைவு. நான் எண்ணிட்டு வரேன்." பிள்ளை மென்றபடி பேசினாள். "ஆரஞ்சு தின்னுட்டு இருந்தோம். இப்ப ஏதோ வேற வாசனை வருது."

"கண்ணு, நான் சொல்றதக் கேளு. அப்பாவ உடனே வண்டிய நிறுத்தச் சொல்லு. ஒயரக்கா சொன்னாங்கன்னு சொல்லு. எல்லாரும் இறங்கித் தூரமாப் போய் நில்லுங்க. இப்பவே..."

பாதியிலேயே இணைப்பு போய்விட்டது. எந்தச் சொல் வரை பிள்ளையின் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. மறுபடி அடித்தால், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

கணவர் ஒரு லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதைப் பார்த்து, "என்னம்மா, பூட்டா அடுப்பா?" என்றார்.

அவள் உள்ளங்கையை விரித்து ஃப்யூஸ் உறையைக் காட்டினாள். "இதப் போடாம அனுப்பிட்டேங்க."

அவருக்கு ஒயரிங்கில் அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் பதினைந்து வருடமாக அந்த முகத்தைப் பார்ப்பவர். பூட்டுக்காகப் பயப்படும் முகம் வேறு, இது வேறு. லாரிக்காரரிடம், "அண்ணே, மன்னிச்சுக்கங்க, வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு கடை வேனின் சாவியை எடுத்தார். அவள் கருவிப் பையைத் தூக்கினாள், கூடவே தீயணைக்கும் சிலிண்டரையும்.

சமவெளி முழுக்க அவள் போனை அழுத்திக்கொண்டே வந்தாள். மலையடிவாரத்துக்கு வரும்போது பதினொன்றேகால் ஆகிவிட்டது. வெயில் பாறையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. இரண்டாவது வளைவில் திரும்பியதும் மேலே ஓரிடத்தில் கரும்புகை எழுவது தெரிந்தது.

"ஏங்க" என்றாள்.

அவரும் பார்த்துவிட்டார். கியரைக் குறைத்து வேனை அலற அலற ஏற்றினார். அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துவிட்டன. காலையில் கார் கண்ணாடி வழியாகக் கை காட்டிய பிள்ளையின் முகத்தை நினைக்கக் கூடாது என்று நினைத்தாள். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"தாரு" என்றார் கணவர், மூக்கை உறிஞ்சியபடி. "தாரு காச்சுறாங்கம்மா. பாரு."

சாலை போடுகிறவர்கள் பீப்பாயில் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கொடி பிடித்தவர் வேனை நிறுத்தினார். மூன்று நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அவள் கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி, குடித்த டீ முழுவதையும் வாந்தி எடுத்தாள்.

ஏழாவது வளைவுக்குச் சற்று மேலே, சாலை அகன்ற இடத்தில், கறுப்புக் கார் நின்றுகொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. முப்பது நாற்பது அடி தள்ளி, தடுப்புச் சுவரின் மேல் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நான்கு தலைகளையும் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். வேன் நிற்பதற்கு முன்பே இறங்கப் போனவளைக் கணவர் கையைப் பிடித்து இழுத்து வைத்தார்.

டாக்டர் எழுந்து வந்தார். முகம் சுண்ணாம்பு போல இருந்தது. "கார் வெடிக்கப் போகுதுன்னு சொன்னீங்களாமே?"

"அப்படிச் சொல்லல டாக்டர்."

"பெரியவ அப்படித்தான் கத்துனா. கத்துன கத்துல நிறுத்திட்டேன்." அவர் எச்சிலை விழுங்கினார். "நிறுத்தி எல்லாரையும் இறக்குற வரைக்கும் ஒண்ணுமில்ல. ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. சரி, பிள்ளை ஏதோ தப்பாக் கேட்டிருக்கான்னு நினைச்சுப் பானெட்டத் திறந்தா, அந்தப் பெட்டில இருந்து புகை."

அவள் முதலில் பேட்டரி முனையைக் கழற்றினாள். பிறகு குனிந்து பார்த்தாள். பெட்டியின் மூடி உருகி வாய் கோணியிருந்தது. சோதனை ஒயர் இருந்த இடத்தில் கறுப்புத் துணுக்குகள்தான் மிச்சம். ஒயர் அறுந்து விழுந்தபோது பக்கவாட்டில் சாய்ந்திருக்க வேண்டும். பெட்ரோல் குழாயின் மேலுறையில் நகக்கண் அளவுக்கு ஒரு கருகல். அவள் அதை விரலால் தடவினாள். உறை மட்டும்தான் கருகியிருந்தது. குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஓட்டிட்டு இருந்திருந்தா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார்.

பழைய ஒயர், பழைய வண்டி என்று எதையாவது சொல்லலாம். அவருக்குத் தெரியாது. கணவரும் பக்கத்தில்தான் நின்றார், அவர் காட்டிக்கொடுக்க மாட்டார்.

"சொல்லத் தெரியல டாக்டர். தானா அறுந்து அணைஞ்சிருக்கலாம். பிடிச்சும் இருக்கலாம். ஃப்யூஸ் போட வேண்டிய இடத்துல சோதனை ஒயர வெச்சு மூடிட்டேன். நான் பண்ண தப்பு."

டாக்டரின் மனைவி சுவரை விட்டு எழுந்து வந்தார். சின்னவள் அவர் இடுப்பில் இருந்தாள். "மூணு தடவ பானெட்டத் தூக்கித் தூக்கிப் பாத்தீங்களே. இவ்வளவு கவனமா இருக்காங்களேன்னு நான் இவர்கிட்டச் சொன்னேன்" என்றார். "அதுக்கப்புறம்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

ஒயரக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

உருகிய பெட்டியை வெட்டி எறிந்து புதிதாக ஒன்று வைத்து, ஃப்யூஸைப் போட்டு, குழாயின் மேலுறையை மாற்றி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு திருகு இரண்டு முறை கீழே விழுந்தது. பெரிய பிள்ளை பக்கத்தில் வந்து நின்று அதை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டரின் மனைவி அந்தக் காரில் ஏற மறுத்துவிட்டார். அவரையும் பிள்ளைகளையும் கணவர் வேனில் ஏற்றிக்கொண்டார்.

"இத யாராவது மேல கொண்டு வரணுமே" என்றார் டாக்டர். தனியாக ஓட்ட அவருக்குப் பயம் என்பது குரலிலேயே தெரிந்தது.

"நான் உக்காந்து வரேன்" என்றாள் ஒயரக்கா.

இன்னும் பதினொரு வளைவு. சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். டாக்டர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். முதல் ரிலே 'டக்' என்றது. சூட்டு முள் ஏறியது. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. இரண்டாவது 'டக்' விழுந்தபோது இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். விசிறி கிளம்பியது. அவள் மூக்கைத் தூக்கி மோந்தாள். வெயிலும் பழைய சீட்டும் ஆரஞ்சுத் தோலும்தான் மணத்தன. அடுத்த வளைவிலும் மோந்தாள். அதற்கடுத்ததிலும் மோந்தாள்.

இறங்கி வரும்போது வேனில் கணவரிடம், "கடைய மூடிரலாம்ங்க" என்றாள்.

"சரி" என்றார் அவர். கொஞ்ச தூரம் போனபின், "நான் ஒரு நட்டு முறுக்காம விட்டா லாரியே கவுந்துரும். எனக்கும் பயம்தான். உங்கிட்டச் சொன்னதில்ல" என்றார்.

கொட்டகை பத்து நாள் பூட்டிக் கிடந்தது. பதினோராம் நாள் டாக்டரின் மனைவியே கூப்பிட்டார்.

"கார விக்கிறோம். வாங்குறவரு ஒயரிங் பண்ணது யாருன்னு கேக்குறாரு. உங்க நம்பரக் குடுக்கலாமா?"

"குடுங்க. ஆனா அன்னைக்கு நடந்ததையும் சொல்லிடுங்க" என்றாள்.

"சொல்லிட்டோம். அதுக்கப்புறம்தான் கேக்குறாரு. ஒயரிங்க நீங்களே மறுபடி பாக்கணுமாம். நாளைக்குக் காலைல கொண்டு வருவாரு."

மறுநாள் அவள் போய்க் கொட்டகையைத் திறந்தபோது எட்டு மணி. தெருமுனையில் அந்தக் காரின் சத்தம் கேட்டதும், உள்ளே போய் உட்கார்ந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

வாங்கியவர் பானெட்டைத் திறந்துவிட்டு, "எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும் கழட்டிடுவேன். பேட்டரில இருந்து புதுசா வரணும். ஒரு வாரம் ஆகும்" என்றாள். "அவசரம்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

அவர் சாவியை அவளிடம் கொடுத்தார்.