அக்கா கையில் நான் அவிழ்க்காத காப்பு

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையாகிய நான் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். புகழ்ந்து எழுத எனக்கு வராது. புகழ்ந்தால் அவருக்கும் பிடிக்காது. "போதும்டி, ரொம்ப ஊதாத" என்பார். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது.

அக்கா பிறந்தது இரங்கூனில். அப்பா அங்கே ஒரு சீன வியாபாரியின் அரிசி மண்டியில் வேலை பார்த்தார். அந்த முதலாளியின் மனைவி தன் மகளோடு சேர்த்து அக்காவையும் சீனப் பள்ளிக்கு அனுப்பினார். எட்டு வருடம் படித்த அக்காவுக்குத் தமிழைவிடச் சீனம்தான் வேகமாக வரும். கோபம் வந்தால் சீனத்தில்தான் திட்டுவார் என்று அம்மா சொல்வார். அறுபதுகளின் நடுவில் எல்லோரும் பர்மாவை விட்டுக் கப்பலேறியபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு நான்கு. நகைகளைத் துறைமுகத்திலேயே பறித்துக்கொண்டார்கள். அக்கா பாவாடையில் சுற்றி எடுத்துவந்த சீன அகராதியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. அக்கா பி.யு.சி. முடித்துவிட்டு, அதே கடையில் பெண்களோடு உட்கார்ந்து காய் தரம் பிரித்தார். தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் சீனமொழிப் பட்டப்படிப்பு இருப்பதாகக் கல்லூரி ஆசிரியை ஒருவர் சொல்லியிருந்தார். அக்கா எழுதிப் போட்டார். பதில் வந்தது. ஐந்து வருடப் படிப்பு. ஏற்கெனவே மொழி தெரிந்தவர்கள் தனித் தேர்வில் தேறினால் நேராக மேல்வகுப்பில் சேர்ந்து இரண்டே வருடத்தில் முடிக்கலாம்.

அப்பாவுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்துபோயிருந்த சமயம் அது. "அஞ்சு வருசம் அங்கன விட்டுவைக்க எனக்கு ஆயுசு காணாது தாயி. ரெண்டு வருசம்னா போயிட்டு வா" என்றார். ஆகவே அந்த மேல்வகுப்பு கிடைத்தால் படிப்பு, இல்லையென்றால் ஏலக்காய்.

பல்கலைக்கழகத்திலிருந்து பாடப்பட்டியலும் சீனப் பாடங்களின் பிரதிகளும் வந்த அன்று அக்கா அழுததை நான் பார்த்தேன். அவர் படித்த எழுத்துகளில் பாதியைச் சீனாவில் கோடு குறைத்து மாற்றிவிட்டார்களாம். தேர்வு புது எழுத்தில்தான். "தெரிஞ்சவுக எல்லாத்துக்கிட்டயும் திரும்பப் பேரு கேட்டுப் பழகுற மாதிரி இருக்குடி" என்றார். மறுநாள் விடியற்காலையிலிருந்து ஆரம்பித்தார். குவளைத் தண்ணீரில் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் எழுதுவார். கடைசி எழுத்தை எழுதும்போது முதல் எழுத்து காய்ந்திருக்கும். காய்வதற்குள் எத்தனை எழுதுகிறார் என்று நான் எண்ண வேண்டும். ஒரு வருடம் அதுதான் எனக்கு உத்தியோகம்.

கடையிலும் கை காயைப் பிரிக்கும், வாய் தானாக அசையும். பக்கத்தில் இருந்த பெண்கள் விடமாட்டார்கள்.

"ஏத்தா, யாரோட பேசுற?"

"பரீட்சை வைக்கிற வாத்தியாரோட."

"என்ன சொல்றாக?"

"இன்னும் வாயத் தெறக்கல."

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அம்மாவுக்குப் பயம். தேர்வுக்குக் கூப்பிட்டுக் கடிதம் வந்தால் மகள் சித்திரைப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுப்பாள் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பங்குனியில் கடிதம் வந்தது. தேர்வு வைகாசிக் கடைசியில். நேர்த்திக்கடனை முடித்துவிட்டே போகலாம் என்று சித்திரையில் அக்காவின் இடது கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஊர் எல்லை தாண்டித் தங்கக்கூடாது. இது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் தந்தி வந்தது. மேல்வகுப்புக்கான தேர்வை முன்னால் நகர்த்திவிட்டார்கள். அன்று மதியமே மதுரைக்குப் பஸ் ஏறி ரயிலைப் பிடித்தால்தான் தில்லிக்கு நேரத்தில் போய்ச் சேர முடியும்.

அப்பா தயங்கவே இல்லை. "புள்ள படிக்கத்தான போகுது, ஆத்தா கோவிக்க மாட்டா. அவுத்துட்டுக் கெளம்பு" என்றார். அம்மா, "நேந்தவ நானு, நான் எப்பிடி அவுப்பேன்?" என்று அடுப்படிக்குள் போய்விட்டார். அக்கா துணிப்பையில் அகராதியை வைத்துவிட்டு என்னிடம் வந்து கையை நீட்டினார். ஒற்றைக் கையால் அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.

"அவுத்து விடுடி."

எனக்குப் பன்னிரண்டு வயது. திருவிழாவில் காப்பைக் கழற்றிவிட்டு ஊரைத் தாண்டிய யாரோ ஒருவர் வீட்டில் சாவு விழுந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தேன். "வேணாம்க்கா. அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிரும்க்கா" என்று கத்திக்கொண்டே அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். முடிச்சின் மேலேயே பிடித்துக்கொண்டேன். அக்கா நினைத்திருந்தால் என்னை உதறிவிட்டு அரிவாள்மணையில் அறுத்திருக்கலாம். அப்பாவை ஒருதரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பையிலிருந்து அகராதியை எடுத்து அலமாரியில் வைத்தார். மதியப் பஸ் போன சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

தீச்சட்டி எடுத்தார். உள்ளங்கை கொப்பளிக்கவில்லை என்று ஊரே மெச்சியது. பல்கலைக்கழகம் அடுத்த வருடம் வரச் சொல்லி எழுதியது. அந்த ஐப்பசியில் அப்பா போய்விட்டார். திருவிழா முடியும்வரை காப்பை யாரும் அவிழ்க்கவில்லை, அப்பா அப்படியும் போய்விட்டார். இதை நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

அதற்குப் பிறகு அக்கா தரையில் எழுதவில்லை. அப்பாவின் இடத்தில் நின்று அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார், என்னை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பினார், கட்டிக்கொடுத்தார், என் பிள்ளைகளை வளர்த்தார். தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அந்த மதியத்தைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சென்ற ஆண்டு தலைவலி என்று படுத்தவருக்கு மூளையில் கட்டி என்றார்கள். மதுரைக்குக் கொண்டு போக உடனே கார் அனுப்பிய கடை முதலாளிக்கும், முறை வைத்து வந்து படுக்கையருகே இருந்த காய் பிரிக்கும் பெண்களுக்கும், "சேச்சி, சேச்சி" என்று தலை கோதிவிட்ட மலையாள நர்சம்மாவுக்கும், கடைசிக் காரியங்களுக்குத் தோள் கொடுத்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. நீங்கள் யாரும் அறியாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

கடைசி நான்கு நாள் அக்காவுக்குத் தமிழ் போய்விட்டது. சீனம் மட்டும்தான் வந்தது, தடங்கலே இல்லாமல், அந்தத் தேர்வில் பேசியிருக்க வேண்டியது மாதிரி. அந்த ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டு ஒரு வார்த்தை பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரு வருடம் பக்கத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த நானும் அதில் ஓர் எழுத்துக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் இடது கையை என் முன்னால் நீட்டி ஏதோ சொன்னார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். மணிக்கட்டில் எதுவும் இல்லை. ஊசிகூட வலது கையில்தான் போட்டிருந்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிடித்துவிட்டேன், அடங்கவில்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. வெறும் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, முடிச்சைத் தேடிப் பிடித்து, மெதுவாக அவிழ்த்து உருவினேன்.

அக்கா கையைத் திருப்பிப் பார்த்தார். தலைமாட்டில் இருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.