பனியில் நாலு கோடு

இரவிச்சந்திரன் மாமா மொன்ட்ரியால்-நோரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிறார். பகலில் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் வாடகைக் கராஜில், ஏதாவதொரு காருக்கு அடியில் கிடப்பார். ஆள் பயந்தவர் என்று யாரும் சொன்னதில்லை, 2006இல் அந்த ஸ்கைலைன் வரும்வரைக்கும்.

பதினைந்து வயது தாண்டிய ஜப்பான் கார்களைத்தான் கனடாவுக்குள் விடுவார்கள். அப்படி வந்த சாம்பல்நிற நிசான் ஸ்கைலைன் அது. படங்களை மட்டும் பார்த்து ஏலத்தில் எடுத்தார். ஊரில் போல வலப்பக்கம் ஸ்டியரிங் என்பதில் அவருக்குத் தனிச் சந்தோசம். அடிபட்ட இடத்தைப் பசையால் நிரப்பிப் பெயின்ற் அடித்திருந்தால் காந்தம் ஒட்டாது. அதனால் வந்ததும் தகடு தகடாகக் காந்தம் வைத்துப் பார்த்தார். எல்லா இடமும் ஒட்டியது. அடியில் படுத்துப் பார்த்தார். முழுவதும் புதுக் கறுப்புப் பூச்சு.

"நல்லாப் பாத்து வைச்சிருக்கிறாங்கள்," என்று பாலாம்பிகை மாமியிடம் சொன்னார்.

இங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுவதால், துருப்பிடிக்காமல் எல்லோரும் காரின் அடியில் பூச்சு அடிப்பார்கள். அடி கறுப்பாக இருந்தால் வைத்திருந்தவன் கவனமானவன் என்று நினைத்தே அவர் பழகியிருந்தார். எஞ்சினை இறக்கி ஏற்றினார், பிரேக் மாற்றினார், கிழிந்த சீற்றைத் தைப்பித்தார். அந்தக் கறுப்பை மட்டும் தொடவில்லை.

நவம்பரில் பூசைக்காகக் காரைக் கோவிலுக்குக் கொண்டுபோனார்; நாங்களும் போனோம். ஐயர் பொனற்றில் சந்தனம் பூசி, சில்லுகளின் கீழ் தேசிக்காய் வைத்தார். மெல்லியதாக ஸ்னோ விழுந்திருந்தது. மாமாவின் தம்பி யோகேந்திரன் கார்த் திறப்பைக் கேட்டு வாங்கினான்.

"அண்ணை, அண்ணியை ஹைவேயிலை ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாறன். அண்ணி, சாறியைக் கதவுக்குள்ளை விட்டுடாதேங்கோ. பேந்து அண்ணை கதவுக்குத்தான் அழுவார்."

தேசிக்காய்கள் நசுங்கின. கார் போய்விட்டது. மாமா அது போன தடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிப்பு நின்றது.

கார் நேராகப் போனால் பின்சில்லு முன்சில்லின் தடத்திலேயே ஓடும். பக்கத்துக்கு ஒரு கோடுதான் விழவேண்டும். அந்த ஸ்னோவில் பக்கத்துக்கு இரண்டிரண்டு கோடு. கார் நண்டு மாதிரிச் சரிந்து போயிருக்கிறது. உடம்பு கோணல்.

ஜப்பானில் ஸ்னோவே விழாத தெற்கு ஊரொன்றில் ஓடிய கார் அது. அதற்கு ஏன் அந்தப் பூச்சு?

மாமா மாமிக்குப் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தரம்தான் மாமி பேசினார்.

"பாலா, எங்கை நிக்கிறியள்?"

"நிக்கிறதோ? இவன் பறக்கிறான். என்ன, அதுக்குள்ளை காரைப் பிரிஞ்சிருக்க ஏலாமல் கிடக்குதோ?"

"மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லு. பிரேக்கை இறுக்கி அமத்த வேண்டாம்."

"ஏன்?"

உண்மையைச் சொன்னால் மாமி கத்துவார், கத்தினால் அவன் பிரேக்கில் ஏறி நிற்பான்.

"ஒண்டுமில்லை. ஒரு நட்டு இறுக்க மறந்திட்டன்."

"அடியிலை ஏதோ கடகடக்குது எண்டு இவனும் சொன்னவன்."

மாமா ஐயரின் பூசை மேசையைப் பிடித்துக்கொண்டார். போனை வைக்கவில்லை. கார் திரும்பச் சிக்னல் போடும் டிக் டிக் சத்தம் போனில் கேட்டது. பிறகு அது நின்றது.

"ஹைவேயாலை இறங்கியாச்சு. பெற்றோல் செட்டிலை நிக்கிறம்," என்றார் மாமி.

கோவிலுக்கு வந்திருந்த சண்முகலிங்கம் அண்ணையின் வான் வண்டியில் அங்கே போனோம். மாமா பட்டு வேட்டியோடு ஸ்னோவில் படுத்து, வீட்டுத் திறப்பால் கறுப்பைச் சுரண்டினார். பூச்சு பட்டை பட்டையாக உரிந்தது. உள்ளே, முன்சீற்றுக்குப் பின்னால், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை ஒரு வெல்டிங் தையல். ஒரு முனையில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது.

யோகேந்திரன் குனிந்து பார்த்தான். "அண்ணை, இது ரெண்டு காரோ?"

"ஓம். முன்பாதி ஒண்டு, பின்பாதி வேறொண்டு."

"எழும்புங்கோ, வேட்டி நனையுது," என்றார் மாமி.

"கொஞ்சம் பொறு. மற்ற முனையையும் பாக்கவேணும்."

திரும்பவும் கறுப்பு அடித்து விற்கலாமே என்று இரண்டு பேர் கேட்டார்கள். அவர் அந்தத் தையலிலேயே காரை வெட்டிப் பழைய இரும்புக்குக் கொடுத்தார்.

இப்போதும் முதல் ஸ்னோ விழுந்த காலையில், மாமி தன்னுடைய கொரொல்லாவில் வேலைக்குப் போனபின் மாமா வெளியே வருவார். இரண்டு கோடுதான் இருக்கும். பார்த்துவிட்டு, மூலை திரும்பும்வரை நடந்துபோய் இன்னொருக்கால் பார்ப்பார்.