கபீரின் இதயத்துக்கு ஐந்து வயது கூடுதல்

7 மே 2024: பெயர் கொடுத்தது. கைச்செலவுப் படி 20 சிங்கப்பூர் வெள்ளி.
4 ஜூன் 2024: இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. படி 60 வெள்ளி.
4 ஜூன் 2024: அந்தப் படியில் பிரியாணி, இருவருக்கு 19 வெள்ளி.
2 ஆகஸ்ட் 2024: முடிவு சொன்னது. படி கிடையாது.

மேலே உள்ளது அஹமது கபீரின் இதயம் சம்பந்தப்பட்ட வரவு செலவு. பிரியாணி எப்படி இதயக் கணக்கில் சேரும் என்று கேட்பவர்கள் அந்தக் கடையில் சாப்பிட்டதில்லை.

கபீரை எனக்கு முதல் வகுப்பிலிருந்து தெரியும். ஆறேழு வயதுப் பொடியன்கள் நடுவில் ஒட்டடைக்கம்பு மாதிரி நின்றான். நாகூரிலிருந்து அவனைக் கப்பலேற்றிக் கூட்டிவந்த வாப்பாவுக்கு முழு டிக்கெட் எடுக்க மனம் வரவில்லை. பதினொரு வயதுப் பையனை ஆறு வயது என்று எழுதிவிட்டார். 1947 டிசம்பரில் பிறந்தவன் 1952 டிசம்பரில் பிறந்தவனாகச் சிங்கப்பூரில் இறங்கினான். நான்காம் வகுப்பில் அவனுக்கு மீசை அரும்பியது. ஊர்த் தண்ணீர் அப்படி என்று வாத்தியார் சமாதானம் சொல்லிக்கொண்டார். ஐ.சி. என்கிற அடையாள அட்டையிலும் அந்த வருடம்தான் ஏறியது. கபீருக்கு அதில் வருத்தமே இல்லை. ஐந்து வயது இலவசமாகக் கிடைத்தால் யார்தான் திருப்பிக் கொடுப்பார்கள்?

பிறகு நாற்பது ஆண்டு சிராங்கூன் சாலையில் பணமாற்றுக் கடையில் உட்கார்ந்தான். மனைவி போய் ஒன்பது வருடம் ஆகிறது. குவீன்ஸ்டவுன் வீட்டில் தனியாக இருந்தவன், சென்ற ஆண்டு ஒரு சட்டையின் கையைக் குறுக்கப் போய் ருக்கையாவைப் பார்த்தான். தேக்கா சந்தை மாடியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா, வயது அறுபத்தைந்து, விதவை. அதன் பிறகு அவனுடைய எல்லாச் சட்டைகளுக்கும் கை நீளமாகிவிட்டது.

நிக்காஹ் பேச்சை எடுத்தபோது ருக்கையா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முதல் கணவரை எட்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவர் அவர். இன்னொரு தடவை அது முடியாது. உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம்.

அதே வாரம் ஓர் ஆஸ்பத்திரியில் வயதாகும் இதயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்ய, நோயில்லாத முதியவர்களைத் தேடினார்கள். இலவச எம்.ஆர்.ஐ., மேலே கைச்செலவுக்குப் படி. கபீர் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தான். பிறந்த தேதி கேட்டார்கள். ஐ.சி.யை நீட்டினான். வேறெதை நீட்டுவான்?

ஸ்கேன் நாளன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்தேன். குழாய்க்குள் படுக்கவைத்து, காதில் மாட்டிய கருவி வழியாகத் தமிழிலேயே சொன்னார்கள்: மூச்சை விடுங்க, அப்படியே நிறுத்துங்க, அசையாதீங்க. பெண்பிள்ளை ஒன்று மரியாதையாகச் சொல்லும்போது பதில் பேசாமல் இருப்பது கபீரின் வளர்ப்பில் கிடையாது. ஒவ்வொரு தடவையும் மூச்சை விட்டு நிறுத்தி, “சரிம்மா” என்றான். படம் கலங்கியது. மறுபடி சொன்னார்கள். மறுபடியும் சரிம்மா. ஆறாவது முறை அந்தப் பெண் சொன்னாள்: “அங்கிள், என்னை மதிக்கவே வேணாம் லா. வாயை மூடுங்க, போதும்.” முக்கால் மணி நேர வேலை ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஆகஸ்டில் டாக்டர் வித்யா முடிவைச் சொன்னார். முப்பது வயதுகூட இருக்காது. திரையில் கபீரின் இதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கிச் சுருங்கி விரிந்தது. சுருங்கி ரத்தத்தைத் தள்ளும் வேலை பிரமாதமாம். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே இருப்பதில் நூற்றுக்கு அறுபத்தாறு பங்கு வெளியே போகிறது. கபீர் என் தொடையில் தட்டினான். ஆனால், என்றார் டாக்டர். வயதாக ஆக இதயச் சுவர் தடித்து விறைப்பாகும், உள்ளே இடம் குறையும், ரத்தம் வந்து நிரம்பும்படி விரிந்து கொடுக்க நேரமெடுக்கும். அது எல்லாருக்கும் வருவதுதான். கபீருக்கு அது எழுபத்தோரு வயதுக்கு அதிகமாக இருக்கிறது.

“உங்க வயசுக்காரங்களோட வச்சுப் பாத்தா, உங்க இதயம் ஒரு அஞ்சு வயசு மூத்து இருக்கு அங்கிள். பிரஷர் ரொம்ப நாளா இருக்கா? காரணம் புரியல.”

எனக்குப் புரிந்தது. சிரிப்பை அடக்க நானும் மூச்சை நிறுத்திக்கொண்டேன். கபீர் கூரையைப் பார்த்தான்.

வெளியே வந்து காப்பிக்கடையில் உட்கார்ந்ததும் புலம்பல் ஆரம்பித்தது. வாப்பா கொடுத்த வயதை வைத்துக்கொண்டால் மாப்பிள்ளை இளசு, இதயம் கிழடு. நிஜ வயதைச் சொன்னால் இதயம் சரி, மாப்பிள்ளை கிழடு. இரண்டில் எதை ருக்கையாவிடம் கொண்டுபோவது? டாக்டர் கொடுத்த இரண்டு பக்க அறிக்கையில் முதல் பக்கத்தை மட்டும் காட்டினால் என்ன என்று கேட்டான். அறுபத்தாறு பங்கு அதில்தானே இருக்கிறது.

“காட்டு. அந்தம்மா துணியில ஒரு நூல் கொறஞ்சாலே கண்டுபிடிக்கும். பக்கம் கொறஞ்சா விட்டுடுமா?” என்றேன்.

மறுநாள் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். ருக்கையா தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை ஒதுக்கிவைத்து, கண்ணாடி போட்டு முழுவதும் படித்தார். ஐந்து வயது மூத்த இதயம் என்ற இடத்தில் விரல் நின்றது.

“இது என்ன கபீர் பாய்?”

கபீர் தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இதயம் சரியாத்தான் இருக்கு. நான்தான் அஞ்சு வயசு மூத்தவன். எழுபத்தாறு. கப்பல் டிக்கெட்டுக்காக வாப்பா கொறைச்சுட்டாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நெசமா, வேலு அண்ணே?”

நான்காம் வகுப்பில் அவன் பென்சில் சீவியதைவிட மீசை சீவியதுதான் அதிகம் என்றேன்.

ருக்கையா தாளை மடித்தார். “இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு. எழுபத்தொண்ணுன்னு நம்பி, அஞ்சு வருஷம் கூடுதலா இருப்பீங்கன்னு எதிர்பாத்திருப்பேன்.”

கபீருக்கு முகம் விழுந்துவிட்டது. எழுந்தான்.

“எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க. மொத மனுஷருக்கு இதயம் தங்கமா இருந்துச்சு. படுக்க வச்சது இடுப்பு. இடுப்பைப் படம் புடிக்க எந்த ஆஸ்பத்திரியிலயும் ஆள் தேடலையா?”

தேடவில்லை என்று கபீர் தாழ்ந்த குரலில் சொன்னான். சரி, அதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்ன ருக்கையா, மூலையிலிருந்த திரைச்சீலைத் துணி மூட்டையைக் காட்டி, கீழே டாக்சி வரை கொண்டுவரச் சொன்னார். கபீர் தூக்கினான். நான் கை கொடுக்கப் போனேன். “நீங்க விடுங்க அண்ணே, கல்யாணம் உங்களுக்கில்ல” என்றார். பின்னாலேயே இறங்கியபடி, அவன் இடுப்பைச் சரக்குப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். மூட்டை டாக்சிக்குள் போனது. இடுப்பும் நிமிர்ந்தது.

டாக்டர் வித்யாவிடமும் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார் ருக்கையா. போனோம். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். கபீரின் தப்பு வயதால், ஆராய்ச்சிக்காக அவர் போட்டிருந்த வரைபடத்தில் ஒரு புள்ளி தப்பான இடத்தில் உட்கார்ந்திருந்தது. எழுபத்தாறு வைத்துத் திரும்பக் கணக்கிட்டுக் கடிதம் அனுப்புவதாகச் சொன்னார்.

செப்டம்பர் போனது, அக்டோபரும் போனது. கடிதம் வரட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்றான் கபீர், திடீரென்று நேர்மை முற்றியவனாக.

“அது வர்றதுக்குள்ள எழுபத்தேழு ஆயிடும்” என்று ருக்கையா நாளைக் குறித்துவிட்டார்.

நிக்காஹ் நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. சட்டைக் கை சரியாக மணிக்கட்டில் நின்றது. எழுபத்தாறு வயதுக்கு இந்த இதயத்தில் குறை ஒன்றுமில்லை என்ற டாக்டரின் கடிதம் வந்து சேர்ந்தது 21 நவம்பர் 2024, வியாழக்கிழமை.