அம்மாவின் சைக்கிளும் பெரியப்பாவின் பூட்டும்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரின் அட்டையில் அவர் சைக்கிள் ஓட்டி வருகிறார். அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் நம் மாவட்டத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியபோது எடுத்த படம். அதைப் போடச் சொன்னவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. "ஊர்லயே மொத மொதல்ல சைக்கிள் ஓட்டுன பொம்பள எங்க வீட்டு மருமகதான்னு போடுங்க" என்றார். போட்டுவிட்டோம். மீதியையும் எழுதத்தானே வேண்டும்?

அம்மா குளத்தூர் பக்கம் பிறந்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தித் திருமயம் அருகே கட்டிக்கொடுத்தார்கள். அறிவொளித் தொண்டராகச் சேர்ந்து, பக்கத்து ஊர்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தர அப்பாவின் சைக்கிளில் போய்வந்தார். பழகிய நாட்களில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவர் அடுத்த வீட்டுச் செல்லம்மா அத்தை.

பிறகு பால்வாடி வேலைக்குத் திருமயத்தில் நேர்முகத் தேர்வு வந்தது. அந்த வேலைக்கு அம்மா எவ்வளவு ஏங்கினார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்று காலை சைக்கிள் சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. எனக்கு ஏழு வயது, அம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன்.

"பொம்பள சைக்கிள்ல போயி உத்தியோகம் பாத்துத்தான் இந்தக் குடும்பம் பொழைக்கணுமா? பேசாம வயலுக்குப் போகச் சொல்லுடா" என்றார் பெரியப்பா, அப்பாவிடம். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பஸ்ஸும் போய்விட்டது. அம்மா திருமயத்துக்கு நடந்தே போனார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்குப்பின் முழங்கால் தேயும்வரை அடுத்தவர் வயலில் களை எடுத்தார். ஒரு மகளிர் தின விழாவில் இதே படத்தைக் காட்டி அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பெரியப்பா கைதட்டினார்.

செல்லம்மா அத்தைக்கும், அம்மாவின் கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் மாற்றி மாற்றிக் கூட இருந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் நன்றி. பெரியப்பா, உங்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை. அந்தச் சாவி இன்னும் இருந்தால் அம்மா படத்துக்கு முன்னால் கொண்டுவந்து வையுங்கள்.

நானும் யோக்கியம் இல்லை. நான் ஸ்கூட்டி வாங்கிய அன்று அம்மா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏத்தா, ஒரு தடவ நான் ஓட்டிப் பாக்கவா?" என்று கேட்டார்.

"இந்த வயசுல விழுந்து வச்சா யாரும்மா பாக்குறது? பேசாம பின்னாடி ஏறு" என்றேன்.

ஏறிக்கொண்டார்.