எட்டுப் பேருக்கு ஒரு துண்டு

மணியின் போன் வந்தபோது, சிதம்பரம் தெற்கு வீதியில் என் கண்ணாடிக் கடையில், ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, மாமா போயிட்டாரு.”

“எந்த மாமாடா?” என்றேன். மணிக்கு நெல்லிக்குப்பத்தில் தெருவுக்கு ஒரு மாமா உண்டு. ஆனால் பெயர் சேர்க்காமல் அவன் மாமா என்றால் அது ஒருவர்தான். தெரிந்தும் கேட்டேன். வேறு யாருடைய பெயரையாவது சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது.

“நம்ம ஆரோக்கியம் மாமாக்கா. டீ குடிச்சிட்டு வந்து உக்காந்தாராம். நெஞ்சப் புடிச்சிக்கிட்டாராம். அவ்ளோதான்.”

பெரியவர் புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, “நல்லா தெளிவா தெரியுதும்மா” என்றார். எனக்குத்தான் எதிரே இருந்த வீதி கலங்கிப்போய்த் தெரிந்தது.

கடலூர் ஆரோக்கியசாமி அவர்களைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. வரக் காரணமும் இல்லை. சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையில் பாய்லர் பார்த்தார், ஓய்வு பெற்றார். கால்பந்து ஆடியவரும் அல்லர். பார்த்தவர். பார்ப்பதும் ஒரு வேலைதான் என்று நம்பி, அந்த வேலையை மனசாரச் செய்தவர். சென்னையில் நம் அணி ஆடும்போதெல்லாம் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வரும் எட்டுப் பேர் நாங்கள். அதற்கு அவர்தான் தலைவரா என்று யாராவது கேட்டால், “தலைவன்லாம் இல்லீங்க. எடம் புடிக்கிற ஆளு” என்பார்.

எனக்கும் அவர் அப்படித்தான் அறிமுகம். கல்லூரி நாட்களில் பெண்கள் அணியில் கோல் காத்தவள் நான். கல்யாணம், கடை, பிள்ளைகள் என்று ஆன பிறகும் பந்து ஆசை விட்டபாடில்லை. ஒரு சனிக்கிழமை கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டுத் தனியாகக் கிளம்பிவிட்டேன். அப்போதெல்லாம் கோலுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுப் படிக்கட்டுதான் கேலரி. ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற காசுதான் டிக்கெட். முதலில் வந்தவருக்கு முதல் இடம். நான் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டு நிரம்பி வழிந்தது. ஒரு வரிசையில் மட்டும் நீளமாக ஒரு வெள்ளைத் துண்டு விரிந்து கிடக்க, அதன் ஓரத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் காவல் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

“இங்க ஆள் வராங்களா?” என்று பஸ்ஸில் கேட்பதுபோலக் கேட்டேன்.

“வருவாங்க. உங்களுக்கு எந்த ஊரு?”

“சிதம்பரம்.”

“அட, நம்ம பக்கம்! அப்ப வந்துட்டாங்க, உக்காருங்க தங்கச்சி” என்று துண்டை ஒரு முழம் சுருட்டி இடம் விட்டார்.

அதைத் துண்டு என்பதே தப்பு. அது ஒரு எட்டு முழ வேட்டியில் பாதி. “ஈஸ்டருக்கு எடுத்த வேட்டிங்க. ஒரு தடவதான் கட்டுனாரு. நீளவாக்குல கிழிச்சிட்டாரு இந்த மனுசன்” என்று அவருடைய மனைவி ஜெயமேரி அண்ணி என்னிடம் எத்தனையோ முறை முறையிட்டிருக்கிறார்கள். அண்ணனிடம் அதற்குக் கணக்கு இருந்தது. எட்டு முழம், எட்டுப் பேர், ஆளுக்கு ஒரு முழம். கொஞ்சம் பருத்தவர்கள் ஒல்லியானவர்களோடு அனுசரித்துக்கொள்ள வேண்டும்.

அதன்பிறகு வந்த வருடங்களை இப்போது நினைத்தால், எல்லாம் ஒரே நீண்ட ரயில் பயணமாகத்தான் தோன்றுகிறது. நான் சிதம்பரத்தில் ஏறி, பொதுப்பெட்டியில் பை, குடை, கைக்குட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு இடம் பிடிப்பேன். திருப்பாதிரிப்புலியூரில் மற்ற ஏழு பேரும் ஏறுவார்கள். முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் கலா, தூக்குச்சட்டியில் வறுத்த மீனோடு வருவாள். கரும்பு டிராக்டர் ஓட்டும் மணி ஏறியதும் தூங்கிவிடுவான். விழுப்புரம் தாண்டினால் பெட்டியே சொக்கிப் போய்விடும். ஜன்னலுக்கு வெளியே வயலும் ஏரியும் வெயிலில் மிதந்து பின்னால் போகும். ஆரோக்கியம் அண்ணன் மட்டும் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருப்பார்.

“தூக்கமாண்ணே?”

“இல்ல தங்கச்சி. மேட்ச் ஆரம்பிச்சிடுச்சி.”

அவர் கண்ணுக்குள் நடக்கும் ஆட்டத்தில் எப்போதும் பதினோராம் நம்பர்காரர்தான் கோல் போடுவார். இடது ஓரமாக ஓடும் அந்த ஆட்டக்காரர் நிஜத்தில் கோல் போட்டது அபூர்வம். போடாவிட்டால் என்ன, அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பிறகு படிக்கட்டின் மேல் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நாற்காலிக்கு நம்பர் வந்தது. நம்பருக்கு ஒரு விலை வந்தது. டிக்கெட்டைப் போனில்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அதில் வசதிக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. “யாருக்கு வசதி? நமக்கு வசதின்னா நாம ஏன் குடுக்கணும்?” என்று அண்ணன் மணியைக் கேட்டார். பாவம், அவன் என்ன செய்வான், பட்டனை அழுத்தினான்.

நாற்காலி வந்த முதல் ஆட்டத்துக்கு எங்களுக்குக் கிடைத்த நம்பர்கள் நாலு மூலையில் சிதறிக் கிடந்தன. அண்ணன் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. வழக்கம்போல முதலில் போய், ஒரே வரிசையில் எட்டு நாற்காலி மேலும் துண்டை விரித்துவிட்டார். அந்த நம்பர்காரர்கள் வந்து நின்றார்கள்.

“சார், இது எங்க சீட்டு.”

“துண்டு போட்டிருக்கு பாருங்க.”

“டிக்கெட்ல நம்பர் இருக்கு சார்.”

“அது சரிங்க. துண்டு போட்டிருக்குல்ல?”

அவர் சண்டைக்காகச் சொல்லவில்லை. உலகத்தில் துண்டுக்கு மேலே ஒரு சட்டம் இருக்க முடியும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. காவலாளி வந்து, துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். எட்டுப் பேரும் எட்டுத் திக்கில் உட்கார்ந்து பார்த்தோம். நம் அணி ஜெயித்தது. திரும்பும்போது கலாவின் மீன்கூட மீந்து போனது.

விலை ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் கூலி என்று ஆனது, பிறகு அதையும் தாண்டியது. “கூடையில இருக்கிற மீன் அத்தனையும் வித்தாலும் நான் அங்க போயி ஒக்கார முடியாது போலருக்கே, ரேட்டு ரொம்ப ஜாஸ்தி பண்ணிட்டாங்க” என்றாள் கலா. எங்கள் எட்டுப் பேரில் நாலு பேரால் முடியும், நாலு பேரால் முடியாது என்று ஆகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. கத்துவதற்குச் சாதாரண ஜனங்கள் வேண்டும், கேலரி நிறைந்த படம் வேண்டும், ஆனால் டிக்கெட்டை மட்டும் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் வைப்பார்களாம். இப்போதும் அந்த ஆத்திரம் எனக்குத் தீரவில்லை.

முடியாதவர்களுக்கு நான் வாங்கித் தருகிறேன் என்று ஒருநாள் ரயிலில் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டிச் சொன்னார்:

“நீ நல்லதுக்குத்தான் சொல்ற தங்கச்சி. ஆனா நீ வாங்கிக் குடுத்தா கலா உனக்கு விருந்தாளி. விருந்தாளி எப்படிம்மா எந்திரிச்சி நின்னு கத்துவா? எல்லாரும் உள்ள போவோம், இல்லன்னா யாரும் வேணாம்.”

அதுதான் அவருடைய ஒரே பிடிவாதம். ஆட்டம் கூட அவருக்கு இரண்டாம் பட்சம். எட்டுப் பேரும் ஒரே வரிசையில், ஒரே துண்டில் உட்கார வேண்டும். அந்த ஒன்றைத்தான் இந்த டிக்கெட் அவரிடமிருந்து பிடுங்கப் பார்த்தது.

அவர் பிடுங்க விடவில்லை. மைதானத்தின் பின்பக்கம், பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, இடுப்பு உயரத்தில் ஒரு கட்டைச்சுவர் உண்டு. அடுத்த ஆட்டத்துக்கு எங்களை அங்கே கூட்டிப்போய்த் துண்டை விரித்தார். சரியாக எட்டு முழம் இருந்தது.

“போன்லயே பாக்கலாமே மாமா, வீட்லருந்தே?” என்றான் மணி.

“போன்ல பந்து தெரியும்டா. நாம தெரிய மாட்டோமே.”

அந்தச் சுவரில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த ஆட்டங்களை எப்படிச் சொல்வது? எதிரே உயர்ந்த சுவர். அதற்கு மேலே விளக்குகளின் வெளிச்சம், பனி இறங்கியதுபோல் வெள்ளையாக நிற்கும். உள்ளேயிருந்து சத்தம் எழும்பி, தணிந்து, மறுபடி எழும்பும். சில்வர் பீச்சில் கண்ணை மூடி உட்கார்ந்தால் கேட்குமே, அது மாதிரி. மணி போனைக் கையில் பிடித்திருப்பான். போனில் படம் தாமதமாகத்தான் வரும். முதலில் சுவருக்கு அந்தப்பக்கம் கூட்டம் அலறும். போனில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். நடந்துவிட்ட ஒன்று எங்களுக்கு இன்னும் நடக்காமல் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அண்ணனுக்குச் சொந்தம். கண்ணை மூடிக்கொண்டு கோலைச் சொல்லுவார்.

“லெஃப்ட்ல வராரு... ஒருத்தர தாண்டிட்டாரு... பதினொன்னு. பதினொன்னுதான் அடிச்சாரு!”

பிறகு போனில் வேறு யாராவது அடிப்பார்கள். நாங்கள் சிரிப்போம். “கேமரா தப்பா காட்டுது” என்பார். எல்லோரும் கலந்து சிரித்த இந்தச் சந்தோஷம் எனக்கு உள்ளே உட்கார்ந்த நாட்களில்கூடக் கிடைத்ததில்லை.

போன வருடம் அவர் வேலை பார்த்த கம்பெனியில், பழைய ஆள் என்று ஒரு பாஸ் கொடுத்தார்கள். மெத்தை வைத்த நாற்காலி, சாப்பாட்டோடு. வேண்டாம் என்றவரை நாங்கள்தான் வற்புறுத்தி, இஸ்திரி போட்ட சட்டையோடு உள்ளே அனுப்பினோம். அவர் ஒருமுறையாவது கண்ணாரப் பார்க்கட்டும் என்றிருந்தது. துண்டில் ஒரு முழம் காலியாகக் கிடந்தது. இடைவேளை வந்தது. பார்த்தால், கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு சாலையைக் கடந்து வருகிறார்.

“என்னாண்ணே, வெளிய வந்துட்டீங்க? திரும்ப உள்ள விட மாட்டாங்களே!” என்று கலா பதறினாள்.

“அதான் கேட்லயே சொன்னாங்க. விடாட்டி போறாங்க.” பெட்டியைத் திறந்து பலகாரத்தை எட்டாகப் பிய்த்தார். “ரொம்ப நல்லாத்தான் வச்சிருக்காங்க. குறையே சொல்ல முடியாது. பந்து கம்பத்துல பட்டுச்சா, நான் எந்திரிச்சிட்டேன். பின்னாடி ஒரு அம்மா, ‘மறைக்குதுங்க, உக்காருங்க’ன்னாங்க. அவுங்க மேலயும் தப்பில்ல. பக்கத்துல திரும்புனேன். உங்கள்ல யாருமே இல்ல.”

இரண்டாம் பாதியில் கோல் விழுந்தது. சுவருக்கு அந்தப்பக்கம் வானமே இடிந்ததுபோல் சத்தம். அண்ணன் அந்த வயதில், கட்டைச்சுவரின் மேல் ஏறி நின்று, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார். ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

கடலூரில் அவரை அடக்கம் செய்த அன்று, கலா அந்தத் துண்டை மடித்துப் பெட்டிக்குள் அவர் காலடியில் வைக்கப் போனாள். ஜெயமேரி அண்ணி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்கள்.

“வேணாம் கலா. அவரு போற எடத்துல எடம் தன்னால கெடைக்கும். உங்களுக்குத்தான் கெடைக்காது.”

பந்து உருண்டால் என்ன, நின்றால் என்ன என்று வாழ்நாளெல்லாம் அலுத்துக்கொண்ட அண்ணி, அடுத்த ஆட்டத்துக்குத் திருப்பாதிரிப்புலியூரில் எங்களோடு ரயிலேறினார்கள். சுவரில் அவர்களே துண்டை விரித்தார்கள். நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்தோம். அண்ணி துண்டில் உட்காரவில்லை. அது முடிகிற இடத்துக்கு அடுத்து, வெறும் சுவரில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு முழம் வெள்ளையாகக் கிடந்தது. நாங்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், சாப்பாடு கொண்டு கொடுக்கும் பையை முதுகில் மாட்டிய ஒருவர், வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து நின்றார். சுவருக்கு மேலே தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் காலி இடத்தைக் காட்டி, “இங்க ஆள் வராங்களா?” என்றார்.

அண்ணிதான் துண்டைக் கையால் நீவிவிட்டார்கள்.

“வந்துட்டாங்க. உக்காருங்க தம்பி.”

அவர் உட்கார்ந்தார். சற்றைக்கெல்லாம் உள்ளே அந்த அலறல் எழுந்தது. மணியின் போனில் பந்து இன்னும் நடு மைதானத்தில்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரம், அண்ணனுடைய அந்த நேரம், சொல்வார் இல்லாமல் எங்கள் முன்னால் நின்றது. கலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேன்.

அப்போது ஜெயமேரி அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, எத்தனையோ வருடமாக வீட்டில் சலிக்கச் சலிக்கக் கேட்டதைச் சொன்னார்கள்:

“லெஃப்ட்ல வராரு... ஒருத்தர தாண்டிட்டாரு... பதினொன்னு. பதினொன்னுதான்.”

மணி போனைத் துண்டின் மேல் கவிழ்த்து வைத்தான். துண்டில் இருந்த எட்டுப் பேரும் எழுந்து நின்று கத்தினோம்.

அண்ணே, யார் அடித்த கோல் என்று நாங்கள் இன்றுவரை பார்க்கவில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போய் வாருங்கள்.